பீரோவுக்கு அந்தப் பக்கம்

அந்தக் கிடங்கில் மாப்பிள்ளை என்றால் ஒருவர்தான். தலை பாதி நரைத்து, மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய பிறகும் அவர் மாப்பிள்ளைதான். அவரை அழைத்துவந்து வேலையில் சேர்த்தவர் அவருடைய மனைவியின் அண்ணன். சேர்த்த அன்றே "இவர் எங்க வீட்டு மாப்பிள்ளை, கொஞ்சம் பாத்துக்குங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். அதோடு பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுபோனது. சொல்லிவைத்தவரும் தப்பவில்லை. மாப்பிள்ளை அவரை மச்சான் என்று கூப்பிட்டார், அதைக் கேட்டு லாரி டிரைவர் கூப்பிட்டார், கடைசியில் மேனேஜரே "மச்சானைக் கொஞ்சம் ஆபீசுக்கு வரச் சொல்லுங்க" என்று மைக்கில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை ஒன்றின் பின்பக்கம் இருந்தது அந்தக் கிடங்கு. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் அங்கிருந்துதான் லாரி ஏறி வீடுகளுக்குப் போகும். மச்சானும் மாப்பிள்ளையும் ஜோடியாகப் பாரம் தூக்குகிறவர்கள். ஒரு ஆள் தூக்குகிற சாமானுக்குப் பலம் போதும். இரண்டு ஆள் தூக்குகிற சாமானுக்கு மனசும் ஒத்துப்போக வேண்டும். அந்த விஷயத்தில் இவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒருவர் கால் எடுத்துவைத்தால் மற்றவர் கால் தானாக நகரும். எவ்வளவு குறுகலான படியாக இருந்தாலும் சுவரில் ஒரு கீறல் விழாமல் மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள்.

ஒரே ஒரு குறைதான். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மூன்று வருஷமாகக் கிடையாது.

பேசாமல் எப்படி வேலை நடக்கும் என்று கேட்கலாம். அதற்குத்தான் டிரைவர் இருந்தார். லாரியை ஓட்டிவந்து நிறுத்திவிட்டுக் காலை நீட்டி உட்கார வேண்டிய மனிதர், இவர்கள் புண்ணியத்தில் வீடு வீடாகப் படியேறி இறங்கினார்.

"டிரைவர், வாசப்படி உயரமா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"மச்சான், வாசப்படி உயரமாம்."

"தெரியுதுன்னு சொல்லுங்க."

"மாப்பிள்ளை, அவருக்குத் தெரியுதாம்."

நடுவில் ஒரு பீரோ அகலம்தான் தூரம். இருந்தும் பேச்சு டிரைவர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போய்ச் சேரும். ஒரு வீட்டுக்காரம்மா கொஞ்ச நேரம் இதைப் பார்த்துவிட்டு, "பாவம், ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குத் தெரியாதா?" என்று டிரைவரிடம் கேட்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே பாஷைதாம்மா, அதுதான் பிரச்சனை" என்றார் டிரைவர்.

சண்டைக்குக் காரணமும் ஒரு பீரோதான். கடை பீரோ இல்லை, மாப்பிள்ளை வீட்டுச் சொந்த பீரோ. கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்தது. வீடு மாறிய அன்று அதை இரண்டு பேரும் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மச்சான் மேலே, மாப்பிள்ளை கீழே. பாதிப் படியில் மாப்பிள்ளைக்குக் கை வியர்த்து வழுக்க ஆரம்பித்தது. ஒரு வார்த்தை, "மச்சான், வைக்கணும்" என்று சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பாரம் தூக்குகிறவர்களிடம் ஒரு வீம்பு உண்டு. எங்கே கற்றுக்கொண்டார்களோ தெரியாது, எல்லோரிடமும் உண்டு. "வை" என்று முதலில் சொல்கிறவன் கை சளைத்தவன். சொன்னால் அன்று முழுக்கக் கிண்டல், அடுத்த வாரமும் கிண்டல். அதனால் மூச்சு முட்டினாலும், முதுகு முறிந்தாலும், மற்றவன் சொல்லட்டும் என்று இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். சொந்த வீட்டுப் படியில், சொந்த மச்சானிடம்கூட மாப்பிள்ளைக்கு அந்த வீம்பு விடவில்லை. ஒன்றும் சொல்லாமல் தன் பக்கத்தைப் படியில் இறக்கிவிட்டார்.

மேல்பக்கம் வெட்டி இழுத்துச் சுவரில் மோதியது. மச்சானுடைய வலது கட்டைவிரல் சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கண்ணாடி படி முழுக்கச் சிதறியது.

"சொல்லிட்டு வச்சா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்றார் மச்சான், விரலைப் பிடித்துக்கொண்டு.

"நான் எங்க வச்சேன்? நீங்கதான் மேல இருந்து தள்ளினீங்க" என்றார் மாப்பிள்ளை.

அது பொய். சொன்ன வாய்க்கே அது பொய் என்று தெரியும். பேச்சு தடித்தது. துடைப்பத்தோடு வந்து நின்ற மாப்பிள்ளையின் மனைவி, "ரெண்டு பேரும் முதல்ல வாயை மூடுங்க" என்றாள். அவர்கள் அதை இவ்வளவு பொறுப்பாகக் கடைப்பிடிப்பார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

விரல் ஆறியது, மடங்கத்தான் மாட்டேன் என்றது. கட்டைவிரல் மடங்காதவர் பாரம் தூக்குகிறார் என்று தெரிந்தால் மேனேஜர் அவரைப் பின்கொட்டகைக்கு அனுப்பிவிடுவார். அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்ட வேண்டும். லாரியில் ஊர் சுற்றி, நாலு வீட்டு மனிதர்களைப் பார்த்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துப் பழகிய மச்சான் அங்கே ஒரு மாதம் தாங்க மாட்டார். அதனால் விஷயம் கிடங்கில் யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளையைத் தவிர. எந்தச் சாமானாக இருந்தாலும் நல்ல பிடி இருக்கிற பக்கம் மச்சானுடைய இடது கைக்கு வருகிற மாதிரி அவர் கமுக்கமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார். படியில் எப்போதும் கனமான கீழ்ப்பக்கத்துக்குத் தானே போய் நின்றுகொள்வார். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் இதைச் செய்தார். அதைப் பற்றி மச்சானும் ஒன்றும் சொன்னதில்லை, இவரும் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வராதவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இப்படியே காலம் போயிருக்கும். பயில்வான் கெடுத்தார்.

பயில்வான் என்பது இன்னொரு பாரம் தூக்குகிறவர். யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனி ஆளாகத் தூக்குவதில் அவருக்கு ஒரு பெருமை. ஒரு வாஷிங் மெஷினை அப்படியே இடுப்பை வளைத்து எடுத்துத் திரும்பினார். திரும்பியவர் திரும்பியபடியே நின்றுவிட்டார். பிறகு அவரையே நாலு பேர் தூக்க வேண்டி வந்தது. இன்னும் வீட்டில் மல்லாந்து கிடக்கிறார், தும்மினால் அழுகிறார் என்று பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னார்கள். தலைமை அலுவலகம் விழித்துக்கொண்டது. பாரம் தூக்குகிற எல்லோருக்கும் பயிற்சி, பயிற்சி முடிவில் பரீட்சை என்று உத்தரவு வந்தது.

"தூக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் தூக்கினோம்?" என்று ஆளாளுக்கு முறுக்கிக்கொண்டார்கள். பயிற்சி கொடுக்க வந்தது ஒரு பெண் என்றதும் முறுக்கு இன்னும் ஏறியது. முப்பது வயது இருக்கும். ஒல்லி. கிடங்கின் நடுவில் வந்து நின்று, "முதுகு வலி இல்லாதவங்க கையைத் தூக்குங்க" என்றாள்.

எல்லாக் கையும் உயர்ந்தது.

அவள் ஒரு பெட்டியிலிருந்து கையுறைகளை எடுத்து ஆளுக்கு ஒரு ஜோடி வீதம் தரையில் போட்டாள். "எடுத்துக்குங்க" என்றாள். குனிந்தார்கள். ஒருவர் "ஸ்ஸ்" என்றார், ஒருவர் "அம்மா" என்றார், ஒருவர் பக்கத்து ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிடங்கு முழுக்க முனகல். அவள் சிரிக்கவில்லை. "சரி, இப்ப ஆரம்பிக்கலாமா?" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் டீச்சர் ஆகிவிட்டாள்.

நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். தூக்குவதற்கு முன்னால் போகிற வழியை ஒரு தடவை நடந்து பாருங்கள். காலை அகட்டி நில்லுங்கள். இடுப்பை வளைக்காதீர்கள், முட்டியை மடக்குங்கள். பாரத்தை நெஞ்சோடு அணையுங்கள். திரும்ப வேண்டும் என்றால் காலை வைத்துத் திரும்புங்கள், உடம்பை முறுக்காதீர்கள். வெறும் அட்டைப் பெட்டியைக் கொடுத்து, கனமாக இருக்கிற மாதிரி நினைத்துத் தூக்கச் சொன்னாள். பெரிய பெரிய ஆம்பிளைகள் காலிப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து எழுந்தார்கள். டிரைவர் ஓரமாக நின்று அதைப் படம் பிடித்தார்.

பிறகு இரண்டு ஆள் தூக்குகிற பாடம் வந்தது. "வெயிட்டுனால அடிபடுறவங்களை விட, பேசாததுனால அடிபடுறவங்கதான் அதிகம், நானே நிறைய பேரைப் பாத்திருக்கேன்" என்றாள் டீச்சர். "தூக்கும்போது ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் பதில் சொல்லணும். வைக்கும்போதும் அப்படித்தான். பழைய அடி, வலி ஏதாவது இருந்தா ஜோடிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மனசுல வச்சுக்கிட்டுத் தூக்காதீங்க."

மச்சான் வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கூரையைப் பார்த்தார்.

பரீட்சைக்கு ஒரு பழைய மர பீரோவுக்குள் மணல் மூட்டை போட்டு வைத்திருந்தார்கள். கிடங்கின் ஓரத்தில் மேல்தளத்துக்குப் போகும் படி இருந்தது. பாதியில் திரும்புகிற படி. அந்த பீரோவை அதில் மேலே கொண்டுபோக வேண்டும். அவ்வளவுதானா என்று எல்லோரும் நினைத்தபோது டீச்சர் ஒரு நிபந்தனை போட்டாள். வழியில் ஒரு தடவையாவது கீழே வைத்து எடுக்க வேண்டும். எங்கே வைப்பது, யார் சொல்வது என்பது தூக்குகிறவர்கள் இஷ்டம். ஆனால் இரண்டு பேரில் ஒருவர் வாயைத் திறந்து "வைக்கணும்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் பதில் சொல்ல வேண்டும்.

"பாஸ் ஆகாத ஜோடியைத் திங்கட்கிழமையிலேருந்து பிரிச்சுடுவோம்" என்று மேனேஜர் சேர்த்துக்கொண்டார். "வேற ஆளோட போட்டுப் பாக்கலாம். புதுசா பழகிக்கட்டும்."

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தார். மச்சான் வேறு ஆளோடு போனால், அந்த ஆளுக்கு விரல் விஷயம் தெரியாது. நல்ல பிடியைத் தன் பக்கமே வைத்துக்கொள்வான். ஒரு வாரம் தாங்காது. ஏதாவது நழுவும், மேனேஜர் மச்சானுடைய கையை விரித்துப் பார்ப்பார், மறுநாளே டேப் ஒட்டுகிற கொட்டகை. அதை விட இன்னொன்றும் இருந்தது. மேலே மச்சான் பிடித்திருக்கிறார் என்ற தைரியத்தில்தான் மாப்பிள்ளை இத்தனை வருஷம் படியில் கீழே நின்றார். வேறு யாரோ மேலே பிடிக்க, கீழே நிற்பதை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. மச்சான்மீது கோபம் இருந்தது, அது வேறு கணக்கு. பாசம் அதைவிட அதிகமாக இருந்தது.

முதல் ஜோடி போனது. படி பாதியில் இருவர் முகமும் சிவந்தது, நரம்பு புடைத்தது. இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. மேலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். "ஃபெயில்" என்றாள் டீச்சர். அடுத்த ஜோடியும் அதே கதை. பாடிக்கொண்டே பாரம் தூக்குகிற பாட்டுக்காரர் இருந்த ஜோடி மட்டும்தான் காலையில் பாஸ் ஆனது. பாட்டுக்காரர் தூங்கும்போதுகூட வாய் மூடாதவர். "ஐயோ செத்தேன், வைக்கணும், வைக்கணும், இப்பவே வைக்கணும்" என்று முதல் படியிலேயே ராகம் போட்டுவிட்டார். பாஸ் ஆனாலும் எல்லோரும் அவரைக் கிண்டல் செய்தார்கள்.

மச்சானும் மாப்பிள்ளையும் போனார்கள். மாப்பிள்ளை வழக்கம்போல பீரோவை ஒரு திருப்புத் திருப்பி, சட்டம் துருத்திக்கொண்டிருந்த பக்கத்தை மச்சானுடைய இடது கைக்குக் கொடுத்தார். பீரோ அகலமானது. தூக்கியதும் ஒருவர் முகம் மற்றவருக்கு மறைந்துபோனது. டிரைவர் பழக்க தோஷத்தில் கூடவே நடந்து, "மச்சான், முதல் படி வருதாம்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க எதையாவது பிடிச்சிருக்கீங்களா?" என்றாள் டீச்சர்.

"இல்லைங்க."

"பிடிக்காதவங்க பேசக் கூடாது."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். பீரோ படியேறியது. ஒரு குலுக்கல் கிடையாது, ஒரு உரசல் கிடையாது. திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. மேலே போய் உட்கார்ந்தது. கிடங்கே கைதட்டியது. டீச்சரும் தட்டினாள்.

"இந்த மாதிரி தூக்கி நான் பாத்ததில்ல" என்றாள். "ஆனா ஃபெயில். ஒரு வார்த்தைகூட பேசல. இவ்வளவு நல்லா ஒத்துப்போறவங்க என்ன ஆனாலும் பேச மாட்டாங்க, அதுதான் எனக்குக் கவலை. சாப்பிட்டுட்டு வாங்க, இன்னொரு வாய்ப்பு இருக்கு."

இரண்டு பேருக்கும் சாப்பாடு ஒரே டிபன் கேரியரில் வரும். அதுவும் மாப்பிள்ளையின் மனைவி செய்த ஏற்பாடு. அண்ணனுக்கும் புருஷனுக்கும் தனித்தனியாகக் கட்டிக் கொடுத்தால் தனித்தனி மூலையில் போய் உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஒன்றாகக் கட்டினாள். அவர்கள் பரிமாறுகிற வேலையை டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். டிரைவர் தனக்கும் சேர்த்துப் பரிமாறிக்கொண்டார். மூன்று வருஷத்தில் அவருக்கு நல்ல சதை போட்டிருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாப்பிள்ளைக்குப் போன் வந்தது. எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார்.

"என்னங்க, பரீட்சை என்னாச்சு?"

"ஃபெயில்."

"நீங்க ரெண்டு பேருமா? எதுல?"

"பேசலன்னு."

அந்தப் பக்கம் ஏதோ சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, தலையில் அடித்துக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. பாஸ் ஆகாவிட்டால் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை தணிந்த குரலில் சொன்னார். பிரித்துவிடுவார்கள். உங்க அண்ணன் விரல் வெளியே தெரிந்துவிடும்.

"அப்ப பேசுங்க."

"அவரும்தான் பேசலாம்."

"என்னங்க, அந்தக் கண்ணாடியைப் பெருக்கினது நான்" என்றாள் அவள். "அண்ணன் மேல இருந்து தள்ளியிருந்தா அது வேற மாதிரி விழுந்திருக்கும். எனக்கு அன்னைக்கே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னுதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன்."

மாப்பிள்ளை தன் வலது கையைப் பார்த்தார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, "மிச்சம் வைக்காம சாப்பிடுங்க" என்று போனை வைத்துவிட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தார். மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தனியாக விறைத்துக்கொண்டு நிற்க, மற்ற நாலு விரலால் சோற்றை உருட்டினார். தினமும் பார்ப்பதுதான். இன்றைக்குப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் ஃபெயில் ஆனவர்கள் ஒவ்வொருவராக மறுபடி வந்தார்கள். ஒரு ஜோடி எப்படியோ முனகித் தப்பித்தது. இன்னொரு ஜோடி, "நீ சொல்லுடா", "நீ சொல்லுடா" என்று படியிலேயே சண்டை போட்டது. அதையும் பேச்சாக எடுத்துக்கொண்டு டீச்சர் பாஸ் போட்டாள். கடைசியாக மச்சானும் மாப்பிள்ளையும்.

"தூக்கலாமா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளை வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. பழக்கம் அப்படி. மச்சான் தோளை அசைத்தார், இவர் தூக்கிவிட்டார். ஆட்கள் பெருமூச்சு விட்டது கேட்டது. மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முதல் படி, அடுத்த படி. மச்சான் பின்பக்கமாக ஏறினார், மாப்பிள்ளை கீழிருந்து ஏந்தினார். பீரோவின் பலகை மூக்குக்கு நேரே இருந்தது. மச்சான் முகம் தெரியாது, பீரோவின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்த கைவிரல்கள் மட்டும் தெரியும். காலையில் ஒரு தடவை இதே பாரத்தைச் சுமந்த கை. வலது கை விரல்கள் வெளுத்திருந்தன. கட்டைவிரல் பலகையின்மேல் பிடிக்காமல் கிடந்தது. திருப்பத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அந்த விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்தன.

மாப்பிள்ளை அதைப் பார்த்தார். மச்சான் சொல்ல மாட்டார் என்று அவருக்குத் தெரியும். கை துண்டாகி விழுந்தாலும் சொல்ல மாட்டார். சொன்னால் ஏன் என்று மேனேஜர் கேட்பார். மாப்பிள்ளைக்குத் தன் கை நன்றாக இருந்தது. வியர்வைகூட இல்லை. இன்னும் ஒரு மாடி ஏறச் சொன்னாலும் ஏறுவார்.

"மச்சான்" என்றார்.

  இந்தத் தடவை தானாகவே வாயைப் பொத்தியிருந்த டிரைவர் கையை எடுக்க மறந்து நின்றார்.

"மச்சான், என்னால முடியல. கை வழுக்குது. வைக்கணும்."

மாப்பிள்ளை பலகையோடு காதைச் சாய்த்தார்.  இத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று, அவர் பதில் சொல்லாவிட்டால் எல்லாம் போச்சு.

"திருப்பத்துல வச்சுக்கலாம் மாப்பிள்ளை" என்றார் மச்சான். "இன்னும் ரெண்டு படிதான். நான் பிடிச்சுக்கறேன். வாங்க."

"வரேன்."

"இப்ப வைங்க. மெதுவா. உங்க பக்கம் முதல்ல."

படி திரும்புகிற இடத்தில் பீரோ உட்கார்ந்தது. ஒரு சத்தம் இல்லாமல் உட்கார்ந்தது. கீழே ஆட்கள் கைதட்டினார்கள், ஒருவர் விசிலடித்தார். "மாப்பிள்ளைக்குக் கை சளைச்சுப் போச்சுடோய்" என்று பாட்டுக்காரர் ராகம் போட்டார். காலையிலிருந்து வாங்கிக்கட்டிக்கொண்டதை இறக்கிவைக்க அவருக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது. மாப்பிள்ளை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"சரி, எடுக்கலாமே" என்றார் மேனேஜர்.

"அவசரம் இல்ல, இருக்கட்டும்" என்றாள் டீச்சர். "வச்சா மூச்சு வாங்கிட்டுத்தான் எடுக்கணும்."

பீரோ நடுவில் நின்றது. அந்தப் பக்கம் மச்சான், இந்தப் பக்கம் மாப்பிள்ளை. கீழே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் மச்சான் பேசினார்.

"உங்க கை நல்லாத்தானே இருக்கு?"

மாப்பிள்ளை தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். இன்னொரு பொய் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று தோன்றியது.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு மச்சான்" என்றார். "அன்னைக்குத்தான் வழுக்கிடுச்சு. நீங்க தள்ளல. நான்தான் வச்சேன். சொல்லாம வச்சுட்டேன்."

சொல்லிவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டார்.  மூன்று வருஷம் காத்திருந்ததை விட இந்தக் கொஞ்ச நேரம் காத்திருப்பது கஷ்டமாக இருந்தது.

"எனக்கும் அன்னைக்குக் கை போயிடுச்சு மாப்பிள்ளை" என்றார் மச்சான். "உங்களுக்கு முன்னாடியே போயிடுச்சு. நீங்க சொல்லுவீங்க, நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அடுத்த படியில நான் விட்டிருப்பேன்."

மாப்பிள்ளைக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மச்சான் மேலே நின்றார். மேலே பிடித்தவர் விட்டிருந்தால் பீரோ அப்படியே கீழே வந்திருக்கும். கீழே நின்றவர் அவர்தான். இந்தக் கைகள், இந்த நெஞ்சு, எல்லாம் அந்த பீரோவுக்கு அடியில் போயிருக்கும். மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வைக்காம இருந்திருந்தா" என்று ஆரம்பித்த மச்சான் அதைப் பாதியில் விட்டார். "அதை நெனச்சுத்தான் உங்க முகத்தைப் பாத்துப் பேச முடியல. விரலுக்காக இல்ல."

 மாப்பிள்ளை பீரோவைச் சுற்றிக் கையை நீட்டினார். அந்தப் பக்கத்து ஓரத்தில் அந்த மடங்காத கட்டைவிரல் தட்டுப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டார். மச்சான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கீழே மேனேஜர் பொறுமை இழந்தார். "என்ன டிரைவர், என்ன பேசிக்கறாங்க?" என்றார்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் டிரைவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் எதையும் பிடிக்கலையே."

டீச்சர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். பரீட்சை அவள் வரையில் முடிந்துவிட்டது. ஆனால் பீரோ இன்னும் பாதிப் படியில்தான் இருந்தது.

"மச்சான், கீழ வந்துடறீங்களா? கீழ ஏந்தினா போதும், விரல் பிடி வேணாம். மேல நான் பிடிக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

"வேணாம். மேலதான் நிப்பேன்" என்றார் மச்சான். "விரல் வலிச்சா சொல்றேன்."

"சொல்லணும்."

"சொல்றேன்னு சொன்னேன்ல."

மாப்பிள்ளை காலை அகட்டி, முட்டியை மடக்கி, பீரோவின் அடியில் கையைக் கொடுத்தார்.

"தூக்கலாமா மச்சான்?"

"தூக்குங்க."